கேள்வி எழவில்லை

ஜூலை 22, திங்கள்

பார்லிமென்ட் இன்று கூடுகிறது. அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்தேன். எங்கள் அச்சகத்தில் ராகு காலம் ஒரு நாள் தள்ளி அச்சாகி, கழித்துக் கட்டிய டைரி. பிழை திருத்துகிறவன் வீட்டுக்குப் பிழையான டைரிதான் வரும்.

குருவம்மாளின் பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் எம்.பி. கதிர்வேந்தன் வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாவட்ட ஆஸ்பத்திரியில தீக்காயத்துக்குன்னு ஒரு வார்டு இருந்திருந்தா அக்கா பொழச்சிருப்பாங்க. இத நான் பார்லிமென்ட்ல எழுப்புறேன் அண்ணே. நீங்களே பாப்பீங்க" என்றார். பந்தலில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

பார்க்கத்தான் போகிறேன்.

என் மனைவி பதினெட்டு வருஷம் பட்டாசு ஆலைக்குப் போனவள். ஏப்ரல் நாலாம் தேதி மருந்து அறை வெடித்தது. அந்த இடத்திலேயே நான்கு பேர். குருவம்மாளும், எங்கள் தெரு மாரிக்கனியின் மகள் வேணியும் ஆஸ்பத்திரியில் கிடந்து போனார்கள். வேணி ஆறாம் நாள், குருவம்மாள் பதினோராம் நாள். மற்றதை எழுத இந்த டைரி வேண்டாம்.

மக்களவை வலைத்தளத்தை என் போனில் போட்டுக் கொடுத்தது என் மகள் ரேணுகா. மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம். எந்தெந்த நாள் எம்.பி. சபைக்கு வந்தார், என்ன கேள்வி கேட்டார், மந்திரி என்ன பதில் சொன்னார், எல்லாம் அதில் வரும் என்றாள். "எதுக்குப்பா இதெல்லாம்?" என்றும் கேட்டாள்.

ஜூலை 23

வருகை: உண்டு. கேள்வி: இல்லை. பேச்சு: இல்லை.

கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்றவில்லை. சாப்பாடு மெஸ்ஸில். அடுப்புப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

ஜூலை 26

கேள்வி கேட்டிருக்கிறார். மூன்று. மதிய இடைவேளையில் அச்சகத்தின் பின்பக்கம் பேப்பர் ரீல்களுக்கு நடுவே நின்று படித்தேன். எல்லாம் ஆங்கிலம். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், மிச்சத்துக்கு அகராதி இருக்கிறது. முதல் கேள்வி விமான நிலைய விரிவாக்கம். இரண்டாவது செல்போன் கோபுரங்கள். மூன்றாவது, பள்ளிகளில் யோகா.

எங்கள் தொகுதியில் விமான நிலையமே கிடையாது.

ஜூலை 31

எம்.பி. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உதவியாளர் ஜெபசிங் எடுத்தார். நல்ல பையன்தான். அண்ணே, அண்ணே என்றுதான் பேசுகிறார்.

"அண்ணன் டெல்லில இருக்காங்கண்ணே. உங்க விஷயம் லிஸ்ட்ல இருக்கு."

"எந்த லிஸ்ட்ல தம்பி?"

"நம்ம லிஸ்ட்லண்ணே."

வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 9

கூட்டத்தொடர் முடிந்தது. பதினைந்து நாள் சபை. எம்.பி. பதினொரு நாள் வந்திருக்கிறார். கேள்விகள் பதினான்கு. ஒரு தடவை எழுந்து பேசினார், நான்கு நிமிஷம். அதைப் போனில் இரண்டு தரம் பார்த்தேன். ஏதோ ஒரு ரயில் இன்னொரு ஊரிலும் நிற்க வேண்டும் என்பது பற்றி. நன்றாகத்தான் பேசுகிறார். குரல் கணீரென்று இருக்கிறது. மேசையைத் தட்டினார்கள்.

தீக்காய வார்டு: இல்லை.

ஆகஸ்ட் 18

மாரிக்கனி வீட்டுக்குப் போனேன். இன்னும் அதே ஆலைக்காரனின் இன்னொரு ஆலைக்குத்தான் வேலைக்குப் போகிறாள். வேணியின் துணிகளை வெயிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். எம்.பி. பற்றி நான் எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் ஒரு மனு கொடுக்கலாம் என்றேன்.

"எதுக்கு அண்ணே இதக் கிளறுறீக?"

"வார்டுதான கேக்குறோம். நாளைக்கு இன்னொருத்திக்கு ஆகும்ல?"

"மனுல வேணி எப்பிடிச் செத்தான்னு எழுதணுமே. என்னன்னு எழுதுவீக?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நீங்க என்னன்னு எழுதிக் குடுத்தீகளோ அதத்தான் நானும் எழுதிக் குடுத்தேன். விடுங்க" என்றாள்.

அவளுக்குப் பயம். ஆலைக்காரனிடம் வேலை செய்கிறவள். எனக்கு என்ன?

செப்டம்பர் 14

தனியாகவே போனேன். சனிக்கிழமைகளில் எம்.பி. மனு வாங்குகிறார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே போனதும் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். பெயரை மறக்கவில்லை. ஜெபசிங் போட்டோ எடுத்தார்.

"கேள்வி குடுத்தா உடனே வந்திராதுண்ணே. பதினஞ்சு நாள் முன்னாடி குடுக்கணும். அப்புறம் குலுக்கல்ல விழணும். அதுல நம்ம கையில ஒண்ணுமில்ல."

யோகாவுக்கு விழுந்ததே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மனுவை நீட்டினேன். படித்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அண்ணே, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆஸ்பத்திரிப் பேப்பர்ல உங்க வீட்டு விஷயம் வேற மாதிரி இருக்காமே?" என்றார்.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகு நனைந்துவிட்டது.

"நீங்க வார்டு மட்டும் கேளுங்க. ஆலைப் பேச்சு வேண்டாம்" என்றேன்.

"ஆலையச் சொல்லாம வார்டு எதுக்குன்னு எப்பிடிண்ணே கேக்குறது?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு அவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி.

அக்டோபர் 31

தீபாவளி. ரேணுகா டியூட்டி என்று வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

குளிர்காலக் கூட்டத்தொடர். வருகை: உண்டு.

நவம்பர் 28

வருகை: இல்லை. அன்று அவர் எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபத் திறப்பு விழாவில் இருந்தார். மாலைப் பேப்பரில் படம். பதிவேடு வரவில்லை என்று மட்டும் சொல்கிறது, எங்கே போனார் என்பதை மாலைப் பேப்பர்தான் சொல்கிறது.

டிசம்பர் 3

வருகை உண்டு. கேள்வி ஒன்று, தேனீ வளர்ப்பு. மழை. வீட்டில் இரண்டு இடத்தில் ஒழுகல்.

டிசம்பர் 9, திங்கள்

கேட்டுவிட்டார்.

காலை பதினொன்றரைக்குப் பட்டியலில் பார்த்தேன். கதிர்வேந்தன் பெயர், பக்கத்தில் "பட்டாசு ஆலை விபத்துகளும் தீக்காய சிகிச்சையும்" என்று தலைப்பு. ஒரு பெரிய கடையின் விலைப்பட்டியல் திருத்திக்கொண்டிருந்தேன், அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ரேணுகாவுக்குப் போன் செய்தேன். "நெசமாவாப்பா?" என்றாள். அழுதாள். அம்மா போன பிறகு அவள் என்னிடம் அழுதது இதுதான் முதல் தடவை. முதலாளியிடமும் சொன்னேன். அவர் ஏற்கெனவே தெரிந்தவர் போல, "பாத்தீங்களா, நம்ம எம்.பி. கேட்டுட்டாருல்ல" என்று சிரித்தார்.

பதில் மதியம்தான் ஏறியது. இரண்டு பக்கம். ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்.

கேள்வி. (அ) இவ்வருடம் ஏப்ரல் நான்காம் தேதி நடந்த விபத்தில் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் எத்தனை பேர்? (ஆ) அதன்பின் நடக்கும் தொடர் சோதனைகளால் பட்டாசுத் தொழில் பாதிக்கப்பட்டிருப்பதை அரசு அறியுமா? (இ) அறியுமெனில், விதிகளைத் தளர்த்த அரசு முன்வருமா? (ஈ) மாவட்ட மருத்துவமனையில் தீக்காயச் சிறப்புப் பிரிவு தொடங்கப்படுமா?

பதில். (அ) மாநில அரசு அளித்த தகவலின்படி, இறந்தவர்கள் நான்கு பேர். நால்வரும் சம்பவ இடத்திலேயே இறந்தனர். காயமடைந்தவர் எவருமில்லை. (ஆ), (இ) தொழில்துறையினரின் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு வருகிறது. (ஈ) மேலே (அ)வுக்கு அளித்த பதிலைக் கருதுகையில், இக்கேள்வி எழவில்லை.

காயமடைந்தவர் எவருமில்லை.

ரேணுகா மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

டிசம்பர் 10

லீவு சொல்லிவிட்டு எம்.பி. அலுவலகம் போனேன். ஜெபசிங் மட்டும் இருந்தார்.

"நாலு பேருன்னு இருக்கு தம்பி. ஆறு பேரு."

"பதில் சொன்னது மந்திரிண்ணே, நாங்க இல்லல்ல. நாங்க கேட்டோம். நீங்க கேக்கச் சொன்ன வார்டையும் சேத்துத்தான கேட்டோம்?"

"எம்.பி. எங்க வீட்டுக்கு வந்தாரு. அவருக்குத் தெரியும். தப்புன்னு எந்திரிச்சுச் சொல்லலாம்ல?"

ஜெபசிங் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "எதை வச்சுண்ணே சொல்றது? அக்கா வீட்டுல அடுப்புல தீப்புடிச்சு செத்தாங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அக்காவே வாக்குமூலம் குடுத்திருக்காங்க. அந்தப் பொண்ணு வீட்டுலயும் அதேதான். மந்திரி பொய் சொல்லலண்ணே. உங்க பேப்பரத்தான் படிச்சிருக்காரு."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ரேணுகா வந்தாள். பதிலை அவளும் படித்திருக்கிறாள். "இது எப்பிடிப்பா? அம்மாவ மதுரைக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டு போனது நாம. காயமே இல்லன்னு எழுதியிருக்கான். கேஸ் போடலாம்பா" என்றாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

வெடித்த அன்று ஆலைப் போர்மேன்தான் குருவம்மாள், வேணி இரண்டு பேரையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே அடுப்பு என்று சொல்லிவிட்டான். அங்கே தீக்காயத்துக்கு இடமில்லை, பொது வார்டில் கொசுவலை கட்டிப் போட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் குருவம்மாளுக்குச் சீழ் பிடித்துவிட்டது. மதுரையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள் என்றார் டாக்டர். அன்று மதியம் என் முதலாளி வந்தார். ஆலைக்காரன் அவருக்கு மைத்துனன். "ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது. மதுரைல பெட் சொல்லியாச்சு. இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து" என்றார். வீட்டில் சமைக்கும்போது சேலையில் தீப்பிடித்தது என்று இருந்தது. அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. அதைக்கூடப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

இவ்வளவுதான் என்றால் பரவாயில்லை. வாக்குமூலம் வாங்க அதிகாரி வருகிறார், உங்க சம்சாரமும் இதையே சொல்லணும் என்றார் முதலாளி. நான் கொசுவலைக்குள் தலையை விட்டு அவள் காதில் சொன்னேன். "அடுப்புன்னு சொல்லும்மா. மதுரைக்குப் போயிரலாம்." அவள் என்னைப் பார்த்தாள். அதிகாரி வந்து கேட்டார். "அடுப்புதான் சார்" என்றாள். அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அது. மதுரைக்குப் போய் ஆறு நாள் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ரேணுகா எல்லாவற்றையும் கேட்டாள். கொண்டுவந்த பையை அவிழ்க்கவே இல்லை, அப்படியே எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 19

எம்.பி.யின் புத்தாண்டு காலண்டர் எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. கையைத் தூக்கிப் பேசும் படம். கீழே, "பட்டாசுத் தொழிலாளரின் கண்ணீரை நாடாளுமன்றத்தில் எதிரொலித்த எங்கள் குரலே!"

பிழை ஏதும் இல்லை. 'சரி' போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 23, திங்கள்

கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள். நேற்று முழுவதும் உட்கார்ந்து மனு எழுதினேன். நான் எழுதிக் கொடுத்தது பொய், என் மனைவி பட்டாசு ஆலை வெடித்ததில் காயப்பட்டு இறந்தாள், அவளைப் பொய் சொல்லச் சொன்னது நான், இதற்கு என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதி, கீழே பெயர், முகவரி, கையெழுத்து.

வரிசையில் எனக்கு முன்னால் முதியோர் பென்ஷன், பின்னால் பட்டா மாறுதல். மனுவைப் பதிகிறவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல என்ன வேணுங்கிறீங்க?"

"இறந்தவங்க கணக்குல அவ பேரச் சேக்கணும்."

"நிவாரணமா?"

"இல்ல சார். பேரு."

"அதுக்குத் தலைப்பு கிடையாதே" என்று யோசித்தார். பிறகு 'இதர' என்று பதிந்து சீட்டுக் கொடுத்தார்.

டிசம்பர் 27

நான்கே நாள். முதலாளி கூப்பிட்டார். மனுவின் நகல் அவர் மேசையில் இருந்தது. கலெக்டருக்குக் கொடுத்த மனு இவருக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"இருபத்திரெண்டு வருஷம் இங்க இருந்திருக்கீங்க. அன்னைக்கு உங்களுக்கு நல்லதுதான செஞ்சேன்? ஆம்புலன்ஸ் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

ஆம்புலன்ஸ் வந்தது உண்மைதான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

ஜனவரி 31

பட்ஜெட் கூட்டத்தொடர் ஆரம்பம். எம்.பி. வருகை: உண்டு.

ஒரு மாவுமில்லில் கணக்கு எழுதப் போகிறேன். ரேணுகா போன் எடுப்பதில்லை. அவள் தோழி எடுத்து, "நல்லா இருக்கா அங்கிள்" என்கிறாள்.

பிப்ரவரி 6

பதில் வந்துவிட்டது. ஒரு பக்கம்.

"தங்கள் மனு தொழிற்சாலைகள் துறைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டது. மேற்படி விபத்தில் இறந்தோர் எண்ணிக்கை நான்கு எனவும், காயமடைந்தோர் எவருமில்லை எனவும் நாடாளுமன்றத்திலேயே பதில் அளிக்கப்பட்டுள்ளது. எனவே தங்கள் மனுவின் மீது மேல்நடவடிக்கைக்கு இடமின்றி முடித்து வைக்கப்படுகிறது."

நாடாளுமன்றத்திலேயே. அந்த 'ஏ'யைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜூலையிலிருந்து நான் காத்திருந்தது அந்தக் கேள்விக்கு. அது கேட்கப்படாமலே இருந்திருந்தால் இன்று என் மனுவை மூட அவர்களிடம் ஒரு காரணமும் இருந்திருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மதுரை. ரேணுகாவின் ஹாஸ்டல் வாசலில் இரண்டு மணி நேரம். சீருடையில் வந்தாள். இளைத்திருக்கிறாள். கலெக்டர் ஆபீஸ் கடிதத்தையும் நான் கொடுத்த மனுவின் நகலையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"வேல போயிருச்சாமே. மாரிக்கனி அத்தை போன்ல சொன்னாங்க."

"ஆமா."

"நீங்க கையெழுத்துப் போட்டத நான் தப்புன்னு சொல்லலப்பா. நானா இருந்தாலும் போட்டிருப்பேன். அம்மாவ மதுரைக்குக் கொண்டு போகணும்னா எதுலயும் போட்டிருப்பேன்." கடிதத்தை மடித்தாள். "அம்மாவச் சொல்ல வச்சீங்களே, அதுதான். நமக்காகத்தான் அவங்க அந்தப் பொய்யச் சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு அத நெனச்சா உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

"இப்பவும் முடியலையா?"

"இப்பவும் முடியல."

ஆனால் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. மனுவின் நகலையும் சேர்த்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

காலை ஏழு மணிக்கு மாரிக்கனி வந்தாள். சேலை மாற்றி, தலை சீவி, கையில் ஒரு மஞ்சப்பை. நேற்று ரேணுகா அவளிடம் போனில் அரைமணி நேரம் பேசினாளாம். என்ன பேசினாள் என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றாள். "கலெக்டர் ஆபீஸுக்கு எந்த பஸ் அண்ணே?"

"வேல போயிரும், மாரிக்கனி."

"தெரியும்."

பஸ்ஸில் மனு எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல. ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

அதே வரிசை, அதே ஆள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். மனுவைப் புரட்டிவிட்டு, "இது முடிச்சு வச்ச மனுவாச்சே. பார்லிமென்ட்லயே பதில் சொல்லியாச்சு, திரும்பத் திரும்பக் கொண்டு வந்தா எப்பிடி?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாரிக்கனி முன்னால் போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிச்சது இவுக மனு சார். இது என்னோடது. இவுக சம்சாரத்துக்குப் பக்கத்துக் கட்டில்ல கெடந்தவ எம் மக. பேரு வேணி. எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மாரிக்கனிக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றேன். பின்னால் வரிசையில் யாரோ "சீக்கிரம் சார்" என்றார்கள்.

"வயசு?" என்றார்.

"இருபத்திரெண்டு."